தலைகீழாய் நின்ற சைக்கிள்

அத்தியாயம் 14

அண்ணன் மேல் தப்பா, தம்பி மேல் தப்பா என்று நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கடிதம் போட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வியாழக்கிழமை விழுந்த அந்த அறை இருக்கிறதே, அதன் சத்தம் அறைந்தவன் காதிலேயே இன்னும் அடங்கவில்லை. அதற்குள் நாம் தீர்ப்புச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரியவனுக்கு முப்பத்தொரு வயது. தகரக் கூரைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற ஒரு சந்தில் இரண்டு நாற்காலி போட்டு சலூன் நடத்துகிறான். சின்னவன் அவனைவிட எட்டு வயது இளையவன். பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. புதன்கிழமை அந்தக் கிடங்கு மேஸ்திரியின் மூக்கில் ஒரு குத்து விட்டான், வேலை போயிற்று. மறுநாள் அதைச் சொல்ல சலூனுக்கு வந்தவனை, பத்துப் பேர் பார்க்கப் பெரியவன் அறைந்தான்.

அறை கூடப் பரவாயில்லை. கூடவே ஒரு வார்த்தையையும் விட்டான்.

"நீயெல்லாம் அப்பாவுக்குப் பொறந்தவனாடா?"

துவைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்த அம்மா, அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் நின்றிருந்தாள். சின்னவன் அண்ணனைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனவன், வீட்டுக்கு வரவே இல்லை.

இன்று திங்கள்கிழமை, சலூனுக்கு வார விடுமுறை.

காலையில் பெரியவன் எழுந்து பார்த்தால், சலூனில் போர்த்துகிற துணிகள் பன்னிரண்டும் முடியும் தூசியுமாக வாளியில் அப்படியே கிடந்தன. ஒன்று விட்டு ஒரு நாள் அதைத் துவைத்து உலர்த்தி மடித்துத் தருவது அம்மா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபது வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். அவள் மடித்தால் ஓரம் ஒரு நூல் பிசகாது. வியாழக்கிழமையிலிருந்து அவள் பெரிய மகனுக்குச் சாப்பாடு போட்டாள், பேச்சு மட்டும் போடவில்லை. இன்று துணியும் இல்லை என்றாகிவிட்டது.

"அம்மா, சோப்பு எங்க?"

அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்."

சோப்பு அவன் காலடியில்தான் இருந்தது. சோப்பையும் வாளியையும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

பின்கட்டுச் சுவரில் இரண்டு கொக்கிகளில் அப்பாவின் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா போய் ஆறு வருஷம். பழைய இரும்புக்காரன் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டான், அம்மா தருவதாக இல்லை. துணியைக் கும்மிக்கொண்டே பெரியவன் அதை அண்ணாந்து பார்த்தான். பார்த்ததும் கை தானாக மெதுவாகிவிட்டது.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். சில நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். இருக்கையும் கைப்பிடியும் தரையில், சக்கரம் இரண்டும் ஆகாசத்தில். சங்கிலியைக் கழற்றிப் பழைய பிஸ்கட் டப்பாவில் ஊற்றிய மண்ணெண்ணெயில் போடுவார். ஒவ்வொரு கண்ணியாகப் பல்விளக்குகிற பிரஷ்ஷால் தேய்ப்பார். ஒரு பேச்சுப் பேச மாட்டார்.

அந்தச் சாயங்காலங்கள்தான் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். சின்னவனுக்கு அப்போது நாலு வயசு இருக்கும். "நான்தான், நான்தான்" என்று ஓடி வருவான். பெரியவன் அவனைத் தூக்கி நிறுத்தி மிதியைப் பிடித்துச் சுற்றச் சொல்வான். சங்கிலி மாட்டி முடித்ததும் பின்சக்கரம் விர்ரென்று சுழலும். கையை எடுத்தால் டிக்டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு தானாக ஓடும். அது நிற்கிற வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மண்ணெண்ணெய் வாசனை இன்றைக்கும் பெரியவனுக்கு எங்கேயாவது மூக்கில் பட்டால் போதும், மனசு நிறைந்துவிடும். உலகத்தில் அவனுக்கு அதைவிடச் சந்தோஷமான வாசனை கிடையாது.

அந்த அப்பாவைத்தான் அவன் சலூனில் எல்லாருக்கும் உதாரணம் காட்டுவான். "எங்க அப்பாவுக்குக் கோபமே வராதுடா. ஒரு நாள் கை ஓங்கினது இல்ல."

வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. சிலிண்டர் வந்து நின்றான். வீடு வீடாக கேஸ் போடுகிறவன், அதனால் அந்தப் பேர். சின்னவன் நாலு நாளாக இவன் அறையில்தான் படுக்கிறான்.

"அண்ணே, சின்னவன் அவனோட பெரிய பையை எடுத்துட்டு வரச் சொன்னான். ஆறு மணி பஸ்ஸுல கிளம்பறான்."

"எங்க?"

"துறைமுகத்துப் பக்கம். மீன் வைக்கிற குளிர்கிடங்குல வேலையாம். மூணு வருஷ ஒப்பந்தம். நடுவுல லீவு கிடையாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க."

"போகாதேன்னு சொல்லு" என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அது வேறு எதையோ சொல்லிற்று.

"பை வேணும்னா அவனே வந்து எடுத்துக்கச் சொல்லு."

சிலிண்டர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். உள்ளே அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பரணிலிருந்து பெரிய பையை இறக்கினாள். இரும்பு பீரோவைத் திறந்து சின்னவனின் சட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக மடித்து வைக்கத் தொடங்கினாள். அவள் அழவில்லை. மடிப்பு மட்டும் இன்றைக்குக் கோணல் மாணலாக விழுந்தது.

பெரியவன் ஈரக் கையோடு வந்து நின்றான். "இப்படி மூணு வருஷம் ஓடிப் போறதுக்கு நான் என்னம்மா அப்படிப் பெரிசா சொல்லிட்டேன்? அப்பா ஒரு தடவையாவது யாரையாவது அடிச்சிருப்பாரா? அந்தக் கோபத்துல சொன்னேன்."

அம்மா சட்டையைக் கீழே வைத்தாள். நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க வா."

வந்தான்.

"கையை மடக்கு. முஷ்டி புடி."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மடக்கினான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து பீரோக் கதவில் கொண்டுபோய் வைத்தாள். அந்தக் கதவில் அவன் தாடை உயரத்தில் ஒரு பள்ளம் உண்டு. வீடு மாற்றும்போது வண்டிக்காரன் இடித்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லியே அவர்களை வளர்த்தாள். அந்தப் பள்ளத்தில் அவன் முஷ்டி அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது.

"வண்டிக்காரன் இல்லடா, உங்க அப்பா. என் தலைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம். நீ அப்ப ஏழு மாசக் குழந்தை. என் இடுப்புல இருந்தே."

பெரியவன் கையை எடுக்க மறந்து அப்படியே நின்றான்.

"கோபம் வராதவராம். டிப்போல மேல இருந்த ஒருத்தன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். 'டேய் கிரீஸு' ன்னுதான் கூப்பிடுவான். நாள் பூரா அதுக்குச் சரிங்க சரிங்கன்னு சொல்லிட்டு வருவாரு. அந்தச் சரிங்க எல்லாம் எங்க போகும்? வீட்டுக்குத்தான் வரும். அன்னைக்கு உன்னைத் தூக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். பத்து நாள் கழிச்சு வந்து பாத்தா, ஒரு ஓட்டை சைக்கிளைத் துண்டு துண்டாக் கழட்டிப் போட்டு நடு வீட்டுல உக்காந்திருக்காரு. 'இனிமே கை பரபரத்தா இதைக் கழட்டறேன். இது தலைகீழா நின்னா எங்கிட்ட பேச்சுக் குடுக்காதே' ன்னாரு. அதோட சரி. அப்புறம் சாகற வரைக்கும் கை நீளல."

"அப்ப, நாங்க ஓடி ஓடிப் போவோமே."

"போவீங்க. எனக்கு உள்ள உயிர் போகும். உங்க ரெண்டு பேரையும் மட்டும் அவர் விரட்டல. மிதியைச் சுத்த விட்டாரு."

பெரியவன் அப்படியே பீரோவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தன் வாழ்நாளின் மிகச் சந்தோஷமான சாயங்காலங்கள் எல்லாம் அப்பாவின் மிக மோசமான சாயங்காலங்கள் என்று ஒரு மனிதனுக்கு முப்பத்தொரு வயதில் தெரியவந்தால், அவன் உட்காராமல் என்ன செய்வான்? அந்த மண்ணெண்ணெய் வாசனை மறுபடி வந்தது. இந்த முறை மனசு நிறையவில்லை, அடைத்தது.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"போனவரைப் பத்தி எதுக்குன்னு இருந்துட்டேன். நீ அவரைக் கொண்டுபோய் எட்டாத உயரத்துல வெச்சுட்ட. அந்த உயரத்துக்கு முன்னாடி சின்னவன் எப்பவும் குத்தவாளி. உண்மையைச் சொல்லணும்னா, அவன்தான் அச்சு அசல் உங்க அப்பா."

சொல்லிவிட்டு அம்மா கோணலாகிப் போன சட்டையை உதறி, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள்.

மூன்று மணிக்கு சலூன் படியில் ஏழெட்டுப் பையன்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். திங்கள்கிழமைக் கூட்டம் என்றால் அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும். அது ஆரம்பித்த கதையும் உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெயின்ட் அடிக்கிற நெட்டையன் ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்தான். துணி போர்த்தியதும் கண்ணாடியைப் பார்த்தபடி கடகடவென்று அழுதான். அப்போதுதான் பெரியவனுக்கு ஒன்று புரிந்தது. துணி போர்த்திவிட்டால் கை உள்ளே போய்விடும், நடுங்கினால் யாருக்கும் தெரியாது. எதிரே கண்ணாடிதான் இருக்கிறது, யார் முகத்தையும் நேராகப் பார்க்க வேண்டியதில்லை. அன்று முதல் திங்கள்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு நாள் நாற்காலி என்று வைத்தான். நாற்காலியில் இருப்பவன் பேசுவான். மற்றவர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக மட்டும் பார்ப்பார்கள். யாரும் புத்தி சொல்லக் கூடாது. பெரியவன் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "என்ன நடந்துச்சு?"

அந்த ஒரு கேள்வியில் எத்தனையோ கத்தி கீழே விழுந்திருக்கிறது. மாமனார் வீட்டுக் கதவை உடைக்கக் கிளம்பினவன் ஒருத்தன், பேசி முடித்துவிட்டுத் தலை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இன்றைக்கு நெட்டையனின் முறை. அவன் நாற்காலியில் ஏறப் போனபோது பெரியவன் தடுத்தான்.

"இன்னைக்கு நான் உக்காந்துக்கறேன்டா."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் அவன் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்துவிட்டான் சரி, துணியை யார் போர்த்துவது? நெட்டையன்தான் எழுந்து வந்தான். துணியில் இன்னும் ஈரம் இருந்தது. பெயின்ட் அடிக்கிற கை, கழுத்தில் முடிச்சைப் போட்டது பாருங்கள், தூக்குக் கயிறு மாதிரி.

"மூச்சு விடணும்டா நான்."

எல்லாரும் சிரித்தார்கள். முடிச்சைத் தளர்த்திவிட்டு நெட்டையன் கேட்டான், "என்ன நடந்துச்சுண்ணே?"

எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி இன்று பெரியவனிடமே வந்துவிட்டது. துணிக்குள் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். கண்ணாடியில் தெரிகிற மூஞ்சியைப் பார்க்க அவனுக்கே பிடிக்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் ரெண்டு வருஷமா ஒரு பொய் சொல்லிட்டு இருந்திருக்கேன். பொய்னு எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

பீரோவைப் பற்றிச் சொன்னான். பள்ளத்தில் தன் முஷ்டி உட்கார்ந்ததைச் சொன்னான். சைக்கிளைச் சொன்னான். மிதியைச் சுற்றச் சுற்ற அப்பா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தார்கள். அதுதான் அங்கே முறை.

"அப்பாவுக்கும் வந்திருக்கு, சின்னவனுக்கும் வருது. எனக்கு மட்டும் வராதுன்னு நெனச்சு வெச்சிருந்தேன். வியாழக்கிழமை பாத்தீங்களே. உங்களுக்குப் பாடம் நடத்தறவன் லட்சணம்."

பிறகு சிலிண்டர் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, அவன் மேஸ்திரியை ஏன் அடிச்சான்?"

பெரியவன் கண்ணாடியில் சிலிண்டரின் முகத்தைத் தேடினான்.

தெரியாது. அவனுக்குத் தெரியவே தெரியாது. ஊரான் பிள்ளை எவன் வந்து உட்கார்ந்தாலும் என்ன நடந்தது என்று கேட்கிறவன், சொந்தத் தம்பி வந்து நின்றபோது கேட்கவில்லை. வேலை போச்சு என்ற ஒரு சொல் காதில் விழுந்தது, கை போய்விட்டது.

"நான் கேக்கலடா."

"எங்கிட்டயும் சொல்லல" என்றான் சிலிண்டர். "அண்ணன் கேட்டா சொல்லலாம்னுதான் கடைக்குப் போனேன்னு மட்டும் சொன்னான்."

அப்போதுதான் பெரியவன் கண்ணாடியில் அதைப் பார்த்தான். பாதி இறக்கின ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள். மூட்டை விழுந்தாலும் விரல் நசுங்காத அந்தக் கனத்த கிடங்கு பூட்ஸ். எவ்வளவு நேரமாக நின்றிருந்தானோ. பெரியவன் எழப் பார்த்தான், நெட்டையனின் முடிச்சு விடவில்லை. அதை இழுத்து அறுத்துக்கொண்டு குனிந்து வெளியே வந்தபோது சந்தில் ஒருவரும் இல்லை.

மணி நாலே முக்கால்.

பக்கத்துச் சந்துகளில் கொஞ்ச நேரம் தேடினான். பிறகு பஸ் நிலையத்துக்கே ஓடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பை இன்னும் வீட்டில்தானே இருக்கும். அதைக் கொண்டுபோய்த் தானே கொடுப்பது, கொடுக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பது. அவன் பதில் சொல்லாவிட்டாலும் சரி, கேட்டோம் என்றாவது இருக்கட்டும். அப்படி நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். வழியில் கறிகாய்க்காரி "என்ன சலூன், கழுத்துல துணியோட ஓடற?" என்று கேட்டாள். போர்த்தின துணி தோளில் தொங்குவது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் பையைக் காணோம்.

"அம்மா, பை எங்க? வந்தானா? போயிட்டானா?"

அம்மா வாசல் ஓரமாக உட்கார்ந்து பன்னிரண்டில் மிச்சம் பதினொரு துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரம் நூல் பிசகாமல் இருந்தது. தாடையால் பின்கட்டுப் பக்கம் காட்டினாள்.

அதற்குள் வாசனை வந்துவிட்டது.

சுவரில் கொக்கிகள் இரண்டும் காலி. சைக்கிள் தரையில் தலைகீழாக நின்றது. பக்கத்தில் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய். சின்னவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துருப்பிடித்த சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். பெரிய பை சுவரோரம் நின்றது. பஸ் டிக்கெட் அவன் சட்டைப் பையில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் நிமிரவில்லை. பெரியவனும் பேச்சுக் கொடுக்கவில்லை. சைக்கிள் தலைகீழாக நின்றால் பேசக் கூடாது என்பது அவனுக்கு இன்று காலையில்தான் தெரியும். எதிரே போய் உட்கார்ந்தான். கறுத்துப் போன எண்ணெயில் தம்பியின் விரல்கள் போய்ப் போய் வந்தன. அப்பாவின் விரல்கள்தான் அவை. நீளமும் நகமும் முட்டியில் புடைத்த எலும்பும் அப்படியே அப்பா. இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்து அதை அவன் பார்த்ததில்லை.

சின்னவன் சங்கிலியைத் துடைத்துப் பல்சக்கரத்தில் ஏற்றி, நாலு சொட்டு எண்ணெய் விட்டான். விரல் முட்டியில் மேஸ்திரியைக் குத்தின காயம் பொருக்குத் தட்டியிருந்தது.

"மிதியைப் புடி" என்றான்.

பெரியவன் பிடித்தான். சுற்றினான். முதலில் கரகரவென்று முரண்டு பிடித்தது. பிறகு பின்சக்கரம் ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது.

இப்போது பேசலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"என்ன நடந்துச்சுடா, கிடங்குல?"

சின்னவன் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மேஸ்திரி புதுசா வந்தவன்ணா. முந்தி டிப்போல இருந்தானாம். நான் சின்ன வயசுல அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன்ல, அப்ப என்னைப் பாத்திருக்கான். எனக்கு மூஞ்சி நினைவு இல்ல, அவனுக்கு இருந்திருக்கு. எல்லாரும் இருக்கும்போது என்னைப் பாத்து, 'நீ அந்தக் கிரீஸோட மகன்தானே' ன்னான்."

பெரியவனின் கை மிதியிலேயே நின்றுவிட்டது.

"ஆமான்னு சொல்லிட்டுத்தான் அடிச்சேன்" என்றான் சின்னவன். "மறுநாள் நீ அதையே திருப்பிக் கேட்ட."

வாசலில் துணி மடிக்கிற சத்தம் நின்றிருந்தது. மணி ஐந்தே கால் தாண்டியிருக்கும்.

"நிறுத்தாதண்ணா, சுத்து" என்றான் சின்னவன். "இன்னும் முழுசா எண்ணெய் இறங்கல."